ஜூரியை நியமிப்பதா, தேர்ந்தெடுப்பதா, அமர்த்துவதா?

அமெரிக்க வழக்குச் செய்திகளைத் தமிழில் எழுதும்போதெல்லாம் ‘எம்பேனல்’ (empanel) என்ற வினையில் வந்து நின்றுவிடுவேன். வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியை ஒரு வழக்குக்கு உட்கார வைப்பதைச் சொல்லும் வினை அது, அந்தக் குழுவில் இருப்பவர் ஜூரர். சிலர் ‘இம்பேனல்’ என்று எழுதுவார்கள், இரண்டும் ஒரே சொல்தான், எதை எழுதினாலும் பிழையில்லை. சிக்கல் தமிழில் எந்த வினையைப் போடுவது என்பதில்தான். நியமி, தேர்ந்தெடு, அமை, அமர்த்து, பட்டியலில் சேர் என்று ஐந்து கைவசம் இருக்கின்றன, ஐந்தும் ஒன்றல்ல.

என் கண்ணில் அதிகம் படுவது ‘நியமி’. “நீதிபதி 12 ஜூரர்களை நியமித்தார்.” இலக்கணத்தில் குறையே இல்லை, சொல்லும் விஷயம்தான் தப்பு. நியமிக்கிறவர் தனக்குத் தகுதியாகப் படுகிற ஆளைப் பார்த்துப் பதவியில் வைக்கிறார், ஜூரர்கள் அப்படி வருவதில்லை. வாக்காளர் பட்டியல் போன்றவற்றிலிருந்து யார் எவர் என்று பார்க்காமல் பெயர்களை எடுத்துத்தான் அழைப்பு அனுப்புகிறார்கள். கூட்டாட்சி நீதிமன்றங்கள் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று 1968-இல் தனிச்சட்டமே வந்தது. நீதிபதி தன் ஆட்களை உட்கார வைத்துக்கொண்டார் என்று வாசகர் ஒருமுறை நினைத்துவிட்டால், அப்புறம் தீர்ப்பைப் பற்றி எவ்வளவு விளக்கினாலும் அந்தச் சந்தேகம் போகாது. அதனால் இந்த இடத்தில் ‘நியமி’ வேண்டவே வேண்டாம் என்பேன்.

‘தேர்ந்தெடு’ அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் தேர்ந்தெடுப்பது யார்? நீதிமன்ற அறையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால், யாரும் யாரையும் கைகாட்டி “இவர் வேண்டும்” என்று சொல்வதில்லை, “இவர் வேண்டாம்” என்றுதான் சொல்கிறார்கள். வந்தவர்களிடம் கேள்வி கேட்டு, ஒருபக்கச் சார்பு தெரிந்தால் காரணம் சொல்லி நீக்கக் கேட்கலாம். அது போக, காரணமே சொல்லாமல் நீக்குகிற உரிமையும் இருக்கிறது: கூட்டாட்சி நீதிமன்றத்தில் மரண தண்டனைக்கு இடமில்லாத பெருங்குற்ற வழக்கு என்றால் குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்புக்கு 10 பேர், அரசுத் தரப்புக்கு 6 பேர். இந்த உரிமையை வைத்துக்கொண்டு இனம் பார்த்து ஆளை நீக்கக் கூடாது என்று 1986-இல் பேட்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இத்தனை வடிகட்டலுக்கும் பிறகு மிஞ்சி நிற்பவர்களே ஜூரி.

அப்படியானால் ‘தேர்ந்தெடு’ எங்கே பொருந்தும்? நாள்கணக்கில் நீளும் அந்த வடிகட்டும் வேலைக்கு, ‘ஜூரித் தேர்வு’ என்று. 2024 ஏப்ரலில் மன்ஹாட்டனில் நடந்த டொனால்ட் டிரம்ப் வழக்கைப் பாருங்கள். முதலில் அழைத்து வந்த 96 பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தங்களால் நடுநிலையாக இருக்க முடியாது என்று சொல்லி முதல் நாளே போய்விட்டார்கள். மறுநாள் 7 பேர் தேறினார்கள், 18-ஆம் தேதி அந்த ஏழில் இருவர் விடுவிக்கப்பட்டார்கள், அன்று மாலைக்குள் 12 பேரும் அமைந்தார்கள், 19-ஆம் தேதிக்குள் 6 மாற்று ஜூரர்களும் சேர்ந்தார்கள். அந்த ஏழு பேரைத் ‘தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்’ என்று எழுதலாம். ஆனால் அன்றே “ஜூரி எம்பேனல் ஆனது” என்று எழுதியிருந்தால் பிழை.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஜூரி எம்பேனல் ஆகும் கணத்துக்குச் சட்டத்தில் தனி மதிப்பு இருக்கிறது. ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டு முறை விசாரிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு, ஜூரி முழுசாக அமர்ந்து உறுதிமொழி எடுத்த நொடியில்தான் தொடங்குகிறது. மொன்டானா மாநிலம் முதல் சாட்சி கூண்டேறும்போதுதான் அது தொடங்கும் என்று வைத்திருந்தது, 1978-இல் கிறிஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆக ‘எம்பேனல்’ நாள்கணக்கில் நீளும் வேலையின் பெயரல்ல, அது முடிகிற புள்ளி.

அந்தப் புள்ளியைத் தமிழில் பிடிக்கிற சொல் ‘அமர்த்து’ என்பது என் எண்ணம். உட்கார வைப்பது, பொறுப்பில் வைப்பது என்ற இரண்டும் ஒரே சொல்லில் இருக்கின்றன. “விசாரணைக்கு முன்பு நீதிமன்றம் ஜூரியை அமர்த்தியது.” எவ்வளவு இயல்பாக இருக்கிறது! ஆனால் எழுவாயில் கவனம் வேண்டும். வக்கீலை அமர்த்துவது என்றால் நாம் காசு கொடுத்து வைத்துக்கொள்வது. “எதிர்த்தரப்பு ஜூரியை அமர்த்தியது” என்று எழுதினால் விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்றே அர்த்தமாகும். எழுவாய் நீதிமன்றமாகவோ நீதிபதியாகவோ இருக்கட்டும், இல்லையா, “ஜூரி அமர்த்தப்பட்டது” என்று செயப்பாட்டு வினையில் விட்டுவிடுங்கள்.

ஒருவர் மீது குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரிக்கு மட்டும் ‘அமை’ போடுவேன். கூட்டாட்சி முறையில் 16 முதல் 23 பேர், இருதரப்பும் மாறி மாறி ஆள் நீக்குகிற கட்டம் அங்கே இல்லை. 2017-இல், அமெரிக்கத் தேர்தலில் ரஷ்யத் தலையீட்டை விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் ராபர்ட் முல்லர் கிராண்ட் ஜூரியை அமைத்தார் என்று தலைப்புகள் வந்தன. சரியாகச் சொன்னால் அமைப்பது நீதிமன்றம், அரசு வழக்கறிஞர் அதைப் பயன்படுத்துகிறார்.

கடைசியாகப் ‘பட்டியலில் சேர்’. சொல்லின் வேரைப் பார்த்தால் இதுவே மிகப் பழைய பொருள். பேனல் என்பது ஜூரர்களின் பெயரை எழுதி வைத்த தோல் துண்டு, அதில் பெயர் ஏற்றுவதே எம்பேனல். மருத்துவமனைகளையோ ஆலோசகர்களையோ அங்கீகாரப் பட்டியலில் ஏற்றுவதற்கும் இதே வினை வருகிறதே, அங்கே தாராளமாக ‘பட்டியலில் சேர்’ போடலாம். ஒரு குறிப்பிட்ட வழக்கின் ஜூரிக்குப் போட்டால் மட்டும், அழைப்பு வந்தவரும் கூண்டருகே உட்கார்ந்தவரும் ஒன்றாகிவிடுவார்கள்.