எழுத்தே இல்லாத படப்புத்தகங்கள்: எதை முதலில் வாங்கலாம்?

என் மகளுக்கு மூன்றரை வயது. பகல் முழுக்க அவளோடு இருப்பது என் அம்மாதான். அவளுக்கு அம்மாச்சி. அம்மாவுக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும், ஆங்கிலம் வராது. வீட்டுக்கு வந்து சேரும் படப்புத்தகங்களில் பாதிக்கு மேல் ஆங்கிலம். அதனால் நான் வேலை முடிந்து வரும்வரை அவை அலமாரியிலேயே கிடக்கும். வந்து உட்கார்ந்தாலும், நான் வாசித்துத் தமிழில் சொல்வதற்குள் பிள்ளை இரண்டு பக்கம் தாண்டிப் போயிருப்பாள்.

அப்படித்தான் எழுத்தில்லாத புத்தகங்கள் பக்கம் போனேன். எழுத்து இல்லையென்றால் அம்மாவும் நானும் ஒரே நிலையில்தான் இருக்கிறோம். சொல்லப்போனால் கதை சொல்வதில் அம்மா என்னைவிட ஒரு படி மேல்.

பெயர்பெற்ற நான்கு புத்தகங்களையும், ஒரே ஒரு வாக்கியம் கொண்ட ஐந்தாவது ஒன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். படம் அழகா என்பதை வைத்து இவற்றைத் தரம் பிரிக்க முடியாது, எல்லாமே அழகுதான். நான் பார்த்தது வேறு. புத்தகத்தை மூடும்போது யார் அதிகம் பேசியிருக்கிறார்கள், பெரியவரா பிள்ளையா?

தொலைந்த தவளையா, உருகும் பனிமனிதனா?

மெர்சர் மேயரின் ‘ஃப்ராக், வேர் ஆர் யூ?’ 1969-ல் வந்தது. கைக்கு அடக்கமான புத்தகம், மொத்தம் 24 படங்கள். ஒரு பையன், ஒரு நாய், ஜாடிக்குள் ஒரு தவளை. இரவில் இருவரும் தூங்கும்போது தவளை வெளியே ஏறிப் போய்விடுகிறது. காலையில் ஜாடி காலி. அதன்பின் எல்லாம் தேடல்தான். பூட்ஸுக்குள், மண் பொந்துக்குள், மரப்பொந்துக்குள் என்று தேடிக்கொண்டே போகிறார்கள்.

இதில் என் மகளுக்கு மிகவும் பிடித்த பக்கம் பாறைப் பக்கம். பையன் பாறைமேல் ஏறி, கிளை என்று நினைத்து எதையோ பிடித்துக்கொண்டு கூப்பிடுகிறான். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் அது மானின் கொம்பு! மான் அவனைத் தலையில் சுமந்துகொண்டு ஓடுகிறது. இரண்டாம் முறை பார்க்கும்போதே, பக்கத்தைத் திருப்பும் முன்பே, “பிடிக்காத, அது மாடு” என்று அவள் பையனை எச்சரிக்க ஆரம்பித்துவிட்டாள். மான் என்று நாங்கள் திருத்தவில்லை. அடுத்த வாரம் அவளே திருத்திக்கொண்டாள்.

பிள்ளைகள் கதை சொல்லக் கற்றுக்கொள்வது எப்படி என்று ஆராய்ந்த மொழியியலாளர்கள் இந்தப் புத்தகத்தையே கருவியாக எடுத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. ரூத் பெர்மனும் டான் ஸ்லோபினும் 1994-ல் வெளியிட்ட ஆய்வுநூலில் ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானிஷ், ஹீப்ரு, துருக்கி ஆகிய ஐந்து மொழிக்காரர்கள் இந்தத் தவளைக் கதையைச் சொல்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் ஒவ்வொரு படமாகச் சொல்வார்கள். வயது ஏற ஏற, ‘தவளையைத் தேடுகிறார்கள்’ என்ற ஒற்றை நூலில் எல்லாப் படங்களையும் கோத்துவிடுவார்கள்.

எங்கள் வீட்டிலேயே இது கண்ணுக்குத் தெரிகிறது. மகள், “இங்க நாய். இங்க பையன். ஆந்தை” என்று விரல் வைத்துச் சொல்வாள். அண்ணன் மகனுக்கு ஏழு வயது. அவன், “தவளையைத் தேடிப் போயி, மரத்துல ஏறி, பொந்துக்குள்ள எட்டிப் பாத்து, ஆந்தை வந்ததும் பயந்து கீழ விழுந்துட்டான்” என்று ஒரே மூச்சில் சொல்கிறான். தேடி, ஏறி, பார்த்து, பயந்து என்று வினையெச்சங்களை வரிசையாக அடுக்குவது தமிழில் கதை சொல்வதன் உயிர். அதைப் பாடமாக நடத்த முடியாது. ஒரு காரியத்திலிருந்து அடுத்த காரியம் பிறக்கும் கதை கையில் இருந்தால் தானாக வரும். இந்தப் புத்தகத்தில் ஏறக்குறைய எல்லாப் பக்கமும் அப்படித்தான்.

இதற்கு நேர் எதிரில் வைக்க வேண்டியது ரேமண்ட் பிரிக்ஸின் ‘தி ஸ்னோமேன்’. 1978-ல் வந்த இங்கிலாந்துப் புத்தகம். கலர் பென்சிலில் வரைந்த மென்மையான படங்கள், ஓரங்கள் எல்லாம் மூடுபனிபோலக் கரைந்திருக்கும். பையன் செய்த பனிமனிதன் இரவில் உயிர்பெற்று வீட்டுக்குள் வருகிறான். அடுப்பைக் கண்டு பயப்படுகிறான், பையனின் அப்பா அம்மா உடைகளைப் போட்டுப் பார்க்கிறான், பையனோடு வானில் பறக்கிறான். விடிந்ததும் தோட்டத்தில் தொப்பியும் கழுத்துத்துணியும் ஒரு சிறு பனிக்குவியலும்தான் மிச்சம்.

அழகில் இது தவளையைவிட மேல் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் மூன்று, நான்கு வயதுக்கு முதல் புத்தகமாக வாங்க வேண்டாம் என்பதற்கு எனக்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, அமைப்பு. ஒரு பக்கத்தில் பல சிறு கட்டங்கள், காமிக்ஸ்போல. இடமிருந்து வலம், பிறகு அடுத்த வரிசை என்று கண் போக வேண்டும். சின்னப் பிள்ளையின் கண் அப்படிப் போகாது, பிடித்த கட்டத்தில் போய் நின்றுவிடும். தவளைப் புத்தகத்தில் ஒவ்வொன்றும் பெரிய படம் என்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

இரண்டாவது, நம் ஊர். ‘பனி’ என்றால் என் மகளுக்கு மார்கழிக் காலையில் கோலப்பொடியை ஈரமாக்குவது. அதைப் பிசைந்து ஆள் செய்யலாம் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? ஃபிரிட்ஜின் மேல்தட்டிலிருந்து சுரண்டி எடுத்த பனியை ஒரு கிண்ணத்தில் வைத்துக் காட்டினேன். அது உருகியதைப் பார்த்த பிறகுதான் புத்தகம் அவளுக்குப் பிடிபட்டது.

மூன்றாவது, அந்தக் கடைசிப் பக்கம். பையன் முதுகைக் காட்டி நிற்கிறான், அவன் முகம் நமக்குத் தெரியாது. என் மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். “எங்க போனான்?” என்றாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இந்தப் புத்தகத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. இழப்பைப் பற்றி ஒரு பிள்ளையோடு பேச இதைவிட மெல்லிய வழி எனக்குத் தெரியாது. ஆனால் ஐந்து வயதுக்கு அப்புறம், மடியில் உட்கார வைத்துக்கொண்டு, பார்த்து முடித்ததும் எழுந்து போகாமல் இருக்க நேரம் உள்ள நாளில் பாருங்கள்.

இன்னொரு விஷயம். 1982-ல் வந்த அனிமேஷன் படத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா வருவார், புத்தகத்தில் அவர் இல்லை. படத்தை முதலில் காட்டினால் பிள்ளை புத்தகத்தில் அவரைத் தேடிக்கொண்டிருக்கும். புத்தகம் முதலில் வரட்டும்.

கதை தெரிந்த பாட்டிக்கு

ஜெர்ரி பிங்க்னியின் ‘தி லயன் அண்ட் தி மவுஸ்’ 2009-ல் வந்தது, அடுத்த ஆண்டு, அமெரிக்காவில் சிறந்த படப்புத்தகத்துக்குத் தரும் கால்டெகாட் பதக்கம் பெற்றது. முன்னட்டையில் தலைப்புகூடக் கிடையாது, சிங்கத்தின் முகம் மட்டும். களம் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிப் புல்வெளி. ஈசாப்பின் சிங்கம்–சுண்டெலிக் கதை நமக்கு எல்லோருக்கும் தெரியும். அதோடு, வேடன் வலையில் விழுந்த புறாக்களை விடுவித்த பஞ்சதந்திர எலி ஹிரண்யகனும் நம் பாட்டிகளுக்குத் தெரியும். அம்மா முதல் நாள் இந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தபோது ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. எலி வலையைக் கடிக்கும் பக்கத்தில் “கறுக்… கறுக்… கறுக்” என்று அவர் பல்லைக் கடித்துக் காட்ட, பிள்ளையும் சேர்ந்து கடித்தாள். ஆந்தையின் அலறல், சிங்கத்தின் கர்ஜனை என்று சில ஒலிகள் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. அவற்றைத் தாண்டி நம் ஒலிகளைப் போட்டுக்கொள்வதில் ஒரு தடையும் இல்லை.

இதன் பலம்தான் பலவீனமும். கதை முன்கூட்டியே தெரிவதால் பெரியவர்தான் அதிகம் பேசுகிறார். தவளைப் புத்தகத்தில் அம்மாவுக்கும் அடுத்த பக்கம் தெரியாது, அதனால் பிள்ளையிடம் கேட்பார். இங்கே கேட்க வேண்டிய அவசியம் வருவதில்லை. முழுக் கதையையும் பாட்டி சொல்லிவிடுகிறார், பிள்ளை ‘ம்’ கொட்டுகிறாள். நான் கண்ட வழி, மூன்றாம் நான்காம் முறையில் பாட்டி வேண்டுமென்றே மறந்துபோவது. “இந்த எலி எங்கடி ஓடுது?” என்று அவர் கேட்டதும், எலிக்கு ஒரு கூடு இருப்பதையும் அதில் குஞ்சுகள் காத்திருப்பதையும் மகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள்.

படம் பார்த்துக் கதை சொல்லிப் பழகாத பெரியவர் வீட்டில் இருந்தால், தவளைக்கு முன்னால் இதை வாங்கித் தரலாம். பயம் தெளிந்துவிடும்.

பறக்கும் தவளைகள், நடக்கும் கோழி

டேவிட் வீஸ்னரின் ‘டியூஸ்டே’ (1991) கால்டெகாட் பதக்கம் பெற்ற இன்னொரு புத்தகம். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, தாமரை இலைமேல் உட்கார்ந்தபடி தவளைகள் பறந்து ஊருக்குள் வருகின்றன. கிழமை என்ன, மணி என்ன என்பதைத் தவிர வேறு எழுத்து இல்லை. ஏழு வயது அண்ணன் மகன் இதை விடவே மாட்டேன் என்கிறான். தூங்கும் பாட்டி வீட்டில் ஒரு தவளை நாக்கை நீட்டி டிவி ரிமோட்டை அமுக்கும் படத்தில் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறான். மகளுக்கு இது எட்டவில்லை. தவளை பறக்காது என்பது உறுதியாகத் தெரிந்த பிறகுதான் பறப்பது வேடிக்கை. அவளுக்கு எல்லாத் தவளையும் பறக்கலாம். முடிவில் பன்றிகள் பறப்பது, நடக்கவே நடக்காத ஒன்றை ‘பன்றி பறக்கும்போது நடக்கும்’ என்று சொல்லும் ஆங்கிலப் பழமொழியை வைத்துச் செய்தது, நமக்கு அங்கே ஒன்றும் தட்டுப்படாது. நம்மூர் ஓவியர் வரைந்திருந்தால் குதிரைக்குக் கொம்பு முளைத்திருக்கும். ஆறு வயதுக்கு மேல் வாங்குங்கள்.

ஐந்தாவது, பாட் ஹட்சின்ஸின் ‘ரோஸிஸ் வாக்’ (1968). புத்தகம் முழுவதற்கும் ஆங்கிலத்தில் 32 சொற்கள், ஒரே வாக்கியம். ரோஸி என்ற கோழி நடந்துபோய்த் திரும்பி வருகிறது, அவ்வளவுதான் எழுத்தில். பின்னாலேயே ஒரு நரி வந்து ஒவ்வொரு பக்கத்திலும் அடிபடுகிறது. எழுத்து நரியைப் பற்றி மூச்சே விடாது! படிக்கும் பெரியவருக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்று பிள்ளை துள்ளுகிறாள். “அம்மாச்சி, பின்னால பாரு, நரி!” என்று என் மகள் கத்திய சத்தம் தெருவரை கேட்டது. எழுத்தில்லாத புத்தகம் செய்யும் வேலையை எழுத்தை வைத்தே செய்கிற புத்தகம் இது. அந்த ஒரே வாக்கியத்தை முற்றத்தைத் தாண்டி, குளத்தைச் சுற்றி, வேலியைக் கடந்து என்று அம்மாவுக்குத் தமிழில் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். தாள் கிழிந்தே போய்விட்டது, அவருக்கு இப்போது மனப்பாடம்.

ஐந்தும் வெளிநாட்டுப் புத்தகங்கள், விலை கொஞ்சம் கடிக்கும். பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் படக்கதைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அங்கிருந்து ஒரு கதையை எடுத்து, எழுத்துப் பகுதியை வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்துவிட்டுப் பாருங்கள். எழுத்தில்லாத புத்தகம் உங்கள் வீட்டுக்கு ஒத்துவருமா என்பது செலவில்லாமல் தெரிந்துவிடும்.

காசு கொடுத்து ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் தவளையைத்தான் வாங்குவேன். அதன் கடைசிப் பக்கத்தில் பையன் தொலைந்த தவளையைக் கண்டுபிடிக்கிறான். அது குடும்பத்தோடு இருக்கிறது. அங்கிருந்து ஒரு குட்டித் தவளையைக் கையில் எடுத்துக்கொண்டு டாட்டா காட்டியபடி கிளம்புகிறான். “பெத்தவகிட்ட கேட்டானா?” என்று அம்மா கேட்டார். மகள் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “நாளைக்குத் திருப்பி விட்ருவான்” என்றாள்.