கோலம் போடக் குனிய எது உதவியது: துண்டா, யோகா வகுப்பா, பிசியோவின் கையா?

எனக்கு வயது 48. வங்கியில் 23 வருடமாக நாற்காலி வேலை. கால் விரலைத் தொட முடியவில்லை என்று நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் மார்கழியில் வாசலில் குனிந்தால், பாதிப் புள்ளி வைப்பதற்குள் அடிமுதுகு பிடித்துக்கொண்டது. என் அம்மா 72 வயதிலும் காலை அதிகம் மடக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து கோலத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்வார். நான் குனிவது முதுகிலிருந்து. இந்த வித்தியாசம் பிடிபடவே எனக்கு 2 வருடம் ஆனது. அதற்குள் நான்கு வழிகளை முயன்று பார்த்தேன். கடைசியில் பிசியோதெரபிஸ்ட் உதவியோடு செய்யும் ஸ்ட்ரெட்ச்சிங்கில் நின்றுவிட்டேன். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

வீட்டில் நாமே செய்வதில் செலவு கிடையாது, நேரமும் நம் வசதி. ஒவ்வொரு தசைத் தொகுதிக்கும் வாரத்தில் குறைந்தது 2, 3 நாள், ஒவ்வொரு முறையும் எல்லாம் சேர்த்து 60 வினாடி நீட்டினால் போதும் என்பதுதான் பொதுவான பரிந்துரை. நானும் மல்லாந்து படுத்து, பாதத்தில் துண்டைப் போட்டு இழுத்தேன், 4 மாதம். கால் மேலே வந்தது. ஆனால் கோலம் போடும்போது முதுகு அப்படியேதான் இருந்தது. ஏன் என்று அப்போது புரியவில்லை.

அப்புறம் யோகா வகுப்பு. மூச்சுக்கும் தூக்கத்துக்கும் அது எனக்கு நல்லதே செய்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் 25 பேர் இருக்கிற கூடத்தில் ஒருவரின் இடுப்பு எப்படித் திரும்புகிறது என்று யார் பார்ப்பது? ஒருநாள் காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தில் இருந்தபோது, கற்றுத் தந்தவர் நல்ல எண்ணத்தில்தான் என் முதுகில் கையை வைத்து அழுத்தினார். உட்காரும்போது தரையில் படும் எலும்புக்குப் பக்கத்தில் சுரீர் என்றது. பிறகு 2 மாதம் நாற்காலியில் உட்காருவதே வேதனையாகிவிட்டது. இதை வைத்து யோகாவையே குறை சொல்ல முடியாது. 1976-இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் என்ற யோகா நிலையம் போல ஒவ்வொருவரின் உடம்பையும் பார்த்துத் தனியாகக் கற்றுத் தரும் மரபும் இருக்கிறது. எனக்குக் கிடைத்தது கூட்ட வகுப்பு.

தாய்லாந்து மசாஜ் பற்றி ஒரே ஒரு அனுபவத்தை வைத்துத்தான் பேச முடியும். குடும்பச் சுற்றுலாவாக பாங்காக் போனபோது செய்துகொண்டேன். எண்ணெய் இல்லை, உடுத்திய உடையோடு தரையில் விரித்த மெத்தையில் படுக்க வைத்து, கை, முழங்கை, முழங்கால், பாதம் எல்லாவற்றாலும் அழுத்தி நீட்டிவிடுவார்கள். யுனெஸ்கோ 2019-இல் பண்பாட்டு மரபாக அங்கீகரித்த கலை அது. அன்று மாலை உடம்பு பஞ்சு போல இருந்தது, மறுநாள் பழையபடி ஆகிவிட்டது. ஒரே தடவை நீட்டினால், யார் நீட்டினாலும் அப்படித்தான் ஆகும்.

சரி, பிசியோவுக்கு வருகிறேன். முதல் நாள் அந்தப் பெண் என் காலை இழுக்கவே இல்லை. படுக்க வைத்து, முழங்கால் மடங்காமல் ஒரு காலைத் தூக்கி, கோணமானியால் அளந்தார். தூக்கிய நிலையிலேயே என் பாதத்தை என் பக்கம் மடக்கினார், தலையைத் தூக்கச் சொன்னார், "இழுக்கிறது கூடுதா அக்கா? மின்சாரம் பாயுற மாதிரி இருக்கா?" என்று கேட்டார். தலையைத் தூக்கும்போது காலில் இழுப்பு கூடினால், அதில் நரம்புக்கும் பங்கு இருக்கலாம், வெறும் தசை இறுக்கம் என்று நினைத்து இழுக்கக் கூடாது. எனக்கு அப்படி இல்லை. ஆனால் உட்காரும் எலும்பருகே இருந்த வலியைச் சொன்னதும், அது தசையை எலும்போடு இணைக்கும் தசைநாரில் வந்த வலி, அது அடங்கும்வரை நீட்டவே வேண்டாம் என்றார். 5 வாரம் இடுப்பைத் தூக்கி இறக்கும் பலப் பயிற்சிதான் நடந்தது. எப்போது நீட்டக் கூடாது என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பிறகு தொடங்கியது நான் இவ்வளவு நேரம் சொல்ல வந்த விஷயம். வலது காலைத் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, இடது தொடையைக் கட்டிலோடு அழுத்திப் பிடித்துக்கொள்வார். அந்த இடது தொடையைப் பிடிக்கும் கைதான் எல்லாம். பின்தொடைத் தசை உட்காரும் எலும்பிலிருந்து கிளம்பி முழங்காலுக்குக் கீழே போகிறது. அது இறுக்கமாக இருந்தால், காலைத் தூக்கும்போது ஒரு கட்டத்துக்கு மேல் இடுப்பெலும்பே பின்னால் சுருண்டு கொடுத்துவிடும். கால் உயர்ந்தது போலத் தெரியும், தசை நீண்டிருக்காது. நான் துண்டு வைத்து 4 மாதம் செய்தது இதைத்தான். பிடிக்காமல் அளந்தபோது என் கால் 65 டிகிரி போனது. மறு தொடையைப் பிடித்து, இடுப்பை அசையவிடாமல் அளந்தபோது 50. அந்த 15 டிகிரியை இத்தனை நாள் என் முதுகுதான் கொடுத்துக்கொண்டிருந்தது. வாசலில் குனியும்போதும் அதே கதை: இடுப்பு முன்னால் சாய மறுக்கும், அடிமுதுகு வளையும், அரைமணி நேரத்தில் பிடித்துக்கொள்ளும்.

இடுப்பைப் பிடித்த பிறகு, "குதிகாலால என் தோளை அழுத்துங்க அக்கா, முழு பலம் வேண்டாம், கால்வாசி போதும்" என்பார். 6 வினாடி அழுத்த வேண்டும். "இப்ப விடுங்க, மூச்சையும் விடுங்க." விட்டதும் கால் இன்னும் கொஞ்சம் மேலே போகும். அங்கே 20 வினாடி நிற்கும். இப்படி 4 முறை. சுருக்கித் தளர்த்தும் இந்த முறை 1940-களில் அமெரிக்காவில் ஹெர்மன் காபட் என்ற மருத்துவரும் மார்கரெட் நாட் என்ற பிசியோதெரபிஸ்டும், நரம்புப் பாதிப்பால் தசை பலமிழந்தவர்களுக்காக உருவாக்கிய சிகிச்சையிலிருந்து வந்தது. சில வாரப் பயிற்சியில் தசை நீளமாவதைவிட, இழுப்பைத் தாங்கும் நம் எல்லை தள்ளிப்போவதே பெரிய மாற்றம் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. துண்டை நானே இழுக்கும்போது கையும் கழுத்தும் விறைத்துக்கொண்டிருந்தன. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த ஒருவர் காலைத் தாங்கும்போதுதான் உடம்பு முழுசாக விட்டுக்கொடுத்தது.

வாரம் 2 முறை, 8 வாரம். ஒரு முறைக்கு 500 ரூபாய், மொத்தம் 8,000. யோகா வகுப்புக்கு நான் கட்டியது மாதம் 1,200. வித்தியாசம் பெரிதுதான். ஆனால் அந்த 8,000 ஒரே முறை செய்த செலவு. தொடர்ந்து செய்வதற்கு அவரே ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்: கதவு நிலைக்குள் படுத்து, ஒரு காலை வாசல் வழியாகத் தரையில் நேராக நீட்டிவிட்டு, மற்றக் காலை நிலைச் சட்டத்தில் சாய்த்து வைப்பது. பிருஷ்டம் தரையை விட்டு எழும்பக் கூடாது. கீழே கிடக்கும் கால் மடங்காமல் இருந்தால் இடுப்பும் பெரிதாகச் சுருண்டு ஏமாற்ற முடியாது. முதலிலேயே இதைச் செய்திருக்கலாமே என்று என் தங்கை கேட்டாள். இடுப்பு நழுவுவது எப்படி இருக்கும் என்று ஒருவர் பிடித்துக் காட்டியிருக்காவிட்டால், கதவு நிலையிலும் நான் ஏமாந்துதான் போயிருப்பேன்.

இந்த மாதிரி ஸ்ட்ரெட்ச்சிங் செய்தால் மறுநாள் தசைவலியே வராது, உடம்பிலிருந்து நச்சு வெளியேறும் என்றெல்லாம் விளம்பரம் வந்தால் நம்ப வேண்டாம். உடற்பயிற்சிக்குப் பின் வரும் தசைவலியை நீட்டல் குறிப்பிடும்படி குறைப்பதில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2011 ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. தோள்பட்டை இறுக்கத்துக்கு நான் 3 முறைதான் போனேன், அதை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன். எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும் இடுப்பு மூட்டு மாற்றியவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது 2 மாதத்துக்கு ஒருமுறை போய் அளந்துகொள்கிறேன். தொடையைப் பிடித்து அளந்தே போன முறை 72 டிகிரி. கதவு நிலையில் படுப்பதை 10 நாள் விட்டால் 5 டிகிரி இறங்கிவிடுகிறது. போன மார்கழியில் அம்மாவோடு சேர்ந்து 15 புள்ளிக் கோலத்தைப் போட்டு முடித்தேன், நடுவில் ஒரு தடவைதான் நிமிர்ந்தேன்.