ஜீனீயுடன் பல ஆண்டுகள்: பிழைப்பட்டைக்குள் அடங்குவதும் அடங்காததும்

நியூட்ரினோ அணுக்கருவில் மோதும்போது எந்தெந்தத் துகள்கள் எவ்வளவு ஆற்றலுடன் வெளிவரும் என்பதை மாண்டி கார்லோ முறையில் (தற்செயல் எண்களைக் கொண்டு) கணித்துத் தரும் ஜீனீ நிரலை, அதன் இரண்டாம் பதிப்பின் காலத்திலிருந்தே நியூட்ரினோ ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறும் அலைவைப் பற்றிய பகுப்பாய்வுகளுக்குப் பயன்படுத்தி வருகிறேன். என்னை முதலில் ஈர்த்தது அதன் எடைமாற்று வசதிதான். ஓர் அளவுருவை அதன் பிழை எல்லைக்குள் நகர்த்திப் பார்க்க நிகழ்வுகளை மறுபடியும் உருவாக்க வேண்டியதில்லை, இருக்கும் நிகழ்வுகளின் எடையை மாற்றினாலே போதும்.

ஆனால், இந்த வசதியே ஒருவகைப் பொய்யான நிம்மதியையும் தருகிறது. இரண்டாம் பதிப்பில் குவாசி எலாஸ்டிக் வினைக்கான (நியூட்ரினோ ஒரே ஒரு நியூக்ளியானை, அதாவது புரோட்டானையோ நியூட்ரானையோ, தட்டி வெளியேற்றும் வினை) ஆக்சியல் நிறை என்ற அளவுரு 0.99 ஜிஇவி (ஒரு ஜிஇவி நூறு கோடி எலக்ட்ரான் வோல்ட்), அதன் பிழை எல்லை மேல்நோக்கி 25%, கீழ்நோக்கி 15%. டியூட்டீரியக் குமிழிக் கலங்களின் பழைய தரவுகள் 1 ஜிஇவியை ஒட்டியே இருக்க, கார்பனில் அளந்த மினிபூன் சோதனை 2010இல் 1.35 ஜிஇவி என்றது. நிறையைக் கூட்டினால் நிகழ்வுகளின் எண்ணிக்கை பொருந்திவிடும். ஆயினும், உண்மைக் காரணம் நியூட்ரினோ ஒரே மோதலில் இரண்டு நியூக்ளியான்களை வெளியேற்றுவதாக இருக்கலாம் என்று கோட்பாட்டாளர் மார்த்தினியின் குழுவினர் 2009இலேயே சுட்டிக்காட்டியிருந்தனர். அத்தகைய நிகழ்வில் மியூவானின் உந்தத்தையும் கோணத்தையும் மட்டும் கொண்டு கணக்கிடும் ஆற்றல், பெரும்பாலும் உண்மை ஆற்றலைவிடக் குறைவாகவே வரும். ஆக, எண்ணிக்கை சரியாகி ஆற்றல் தவறாகிறது. 295 கிலோமீட்டர் தொலைவில் 0.6 ஜிஇவியை ஒட்டி அலைவுப் பள்ளத்தை (அலைவால் நிகழ்வுகள் மிகவும் குறையும் ஆற்றலை) தேடும் ஜப்பானின் டி2கே போன்ற சோதனைக்கு எண்ணிக்கைப் பிழையைவிட இதுவே ஆபத்தானது. நியூட்ரினோக் கற்றை தொடங்கும் இடத்தருகே வைக்கும் அண்மை உணர்கருவி இதை முழுதாக ஈடுசெய்யாது, ஏனெனில் அலைவுக்குப் பின் தொலைவில் காணும் ஆற்றல் நிறமாலை வேறு.

2018இல் வந்த மூன்றாம் பதிப்பு, ஒன்றோடொன்று இசைவான மாதிரிகளைத் தொகுப்புகளாகத் தந்தது. இது பெரிய முன்னேற்றம் என்பது என் மதிப்பீடு. இருப்பினும், அடிப்படை மாதிரி ஒரு நிகழ்வைக்கூட உருவாக்காத பகுதியில் எந்த எடையும் எதையும் உண்டாக்காது. நியூக்ளியானைப் பிரித்தெடுக்கும் ஆற்றலை மாற்றும்போது இக்குறை நன்றாகவே தெரிகிறது, ஏனெனில் அங்கே நிகழ்வின் இயக்கவியலே நகர வேண்டும்.

எனவே இப்போதெல்லாம் நூரோ போன்ற வேறொரு நிரல் உருவாக்கிய நிகழ்வுகளை உண்மைத் தரவாகப் பாவித்து, ஜீனீயின் அளவுருக்களைக் கொண்டு பொருத்திப் பார்க்கிறேன். கிடைக்கும் நிறைவர்க்க வேறுபாடு (அலைவை நிர்ணயிக்கும் அளவு) நான் உள்ளீடாகக் கொடுத்த மதிப்பிலிருந்து பிழைப்பட்டையை மீறி விலகினால், அந்த விலகலைத் தனிப் பிழையாகவே சேர்க்கிறேன். ஆர்கானைப் பயன்படுத்தும் டியூன் நியூட்ரினோ சோதனைக்குத் தயாராகும் மாணவர்கள் ஜீனீயோடு தொடங்கலாம், ஆனால் அதன் இயல்பிருப்புப் பிழைகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.