ரைசனா, ஐ3-யா? தண்டையார்பேட்டை மாடியறைக்கு ஒரு கணினி

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கிக்கொள்ளலாம்; அங்கிருந்து சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி தெரு நடக்கிற தூரம்தான். என் அக்கா மகன் அப்படிப் போய் இரண்டு கடைகளில் இரண்டு விலைப்பட்டியல்கள் எழுதி வாங்கி வந்தான். இரண்டுமே 60,000 ரூபாயை ஒட்டி வந்தன. மானிட்டர் வீட்டிலேயே இருக்கிறது. ஆடப்போவது வாலரன்ட், ஜிடிஏ 5. நேரமும் ஆசையும் இருந்தால் ஏதாவது புதிய பெரிய விளையாட்டு. "ஏஎம்டி நல்லதா, இன்டெல் நல்லதா மாமா?" என்று கேட்டான்.

முதல் பட்டியலில் ஏஎம்டியின் ரைசன் 5 5600 பிராசசர், ஏ520 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு, வண்ண விளக்கு விசிறிகள் ஆறு, முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினட், அதனுடனேயே வரும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி). இரண்டாவதில் இன்டெல்லின் ஐ3-12100எஃப் பிராசசர், எச்610 போர்டு, அதே அளவு ரேம், ஆர்எக்ஸ் 6600, தனியாக ஒரு 550 வாட் எஸ்எம்பிஎஸ், தகரப் பெட்டி போல ஒரு கேபினட். பையனின் கண் முதல் பட்டியலை விட்டு நகரவில்லை. பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் மூளைகளான கோர், ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் நான்கு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது அவன் கட்சி.

பிராசசரை மட்டும் தனியாக எடுத்துத் தராசில் வைத்தால் அவன் சொல்வது சரி. 5600-க்கு 6 கோர், 12 திரெட் (ஒரே சமயத்தில் நடத்தக்கூடிய வேலை வரிசைகள்), 32 எம்பி கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்). 12100எஃப்புக்கு 4 கோர், 8 திரெட். வாலரன்ட் போன்ற விளையாட்டில் பெரிய வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஜன நெரிசலான நகரத்தைக் காட்டும் புதிய விளையாட்டுகளில், சராசரி வேகம் நன்றாக இருந்தாலும் நான்கு கோர் நடுநடுவே திக்கும். ஆறு கோர் அந்த இடத்தைச் சீராகக் கடந்துவிடும். ஆனால் பிராசசர் தனியாக வேலை செய்வதில்லையே.

ஏ520 போர்டில் கிராபிக்ஸ் கார்டு செருகும் இடம், கார்டுக்கும் பிராசசருக்கும் நடுவில் தரவு போகும் வழியான பிசிஐஇ-யின் 3.0 தரத்தோடு நின்றுவிடுகிறது. 5600 பிராசசர் 4.0 தரத்துக்குத் தயாராக இருந்தாலும் போர்டு விடாது. சாதாரணமாக இதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் 6500 எக்ஸ்டி ஒரு விசித்திரமான கார்டு: 16 பாதைகள் உள்ள இடத்தில் உட்கார்ந்து நான்கை மட்டுமே பயன்படுத்தும். 4.0 தரத்தில் நான்கு பாதைக்கு நொடிக்குச் சுமார் 8 ஜிபி போகும், 3.0 தரத்தில் அதில் பாதி. கார்டின் சொந்த நினைவகமோ 4 ஜிபிதான். விளையாட்டு அதற்கு மேல் கேட்டால் மிச்சத்தை ரேமில் இருந்து இந்த ஒடுங்கிய வழியாகத்தான் இழுத்து வர வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகக் கேட்டுக்காகக் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். லாரியின் எஞ்சின் எவ்வளவு பெரியது என்பது அங்கே செல்லாது. போதாக்குறைக்கு, அந்தக் கார்டில் வீடியோவை என்கோட் செய்யும் (சுருக்கிச் சேமிக்கும்) வசதியும் கிடையாது. ஆட்டத்தைப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றும் கனவு இருந்தால் அந்தப் பாரமும் பிராசசரின் தலையில் விழும்.

இரண்டாவது பட்டியலில் நிலைமை தலைகீழ். இன்டெல் வரிசையில் அடிமட்ட போர்டான எச்610-லேயே கார்டுக்கு 4.0 தரத்தில் இடம் கிடைக்கிறது. 6600 எட்டுப் பாதைகளைப் பயன்படுத்துகிறது. சொந்த நினைவகம் 8 ஜிபி. பிராசசர் ஒரு படி கீழே, கார்டு இரண்டு படி மேலே. விளையாட்டுக்கென்று வாங்கும் கணினியில் பணம் போய் உட்கார வேண்டிய இடம் அதுதான்.

குறை இல்லாமல் இல்லை. எச்610 என்று மொட்டையாக எழுதியிருந்தது. இந்த போர்டு டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டு வகையிலும் வருகிறது; ஒன்றின் ரேம் மற்றதில் ஏறாது, நடுவில் உள்ள வெட்டே வேறு இடத்தில் இருக்கும். பட்டியலில் மாடலின் முழுப் பெயரையும் எழுதி வாங்கி வா என்று அவனைத் திருப்பி அனுப்பினேன். போனில் கேட்டிருக்கலாம் என்று அக்காவுக்கு வருத்தம். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு, தப்பான ரேமை வாங்கிவிட்டு மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சுவது இன்னும் வருத்தமான வேலை.

கணினியை எழுப்பும், போர்டிலேயே இருக்கும் மென்பொருளான பயாஸ் விஷயத்திலும் இன்டெல் பக்கம் கொஞ்சம் நிம்மதி. எச்610 போர்டும் 12100எஃப் பிராசசரும் 2022 ஜனவரியில் ஒன்றாக வந்தவை; போட்டவுடன் எழுந்துவிடும். ஏ520-யும் அதற்கு ஒரு படி மேலான பி550-யும் 2020-இல் வந்த போர்டுகள். கிடங்கில் கிடந்த பழைய சரக்காக இருந்தால் 5600-ஐ அதற்கு அடையாளம் தெரியாது: விசிறி சுற்றும், திரை கருப்பாகவே இருக்கும். கடையிலேயே பயாஸைப் புதுப்பித்துத் தரச் சொல்ல வேண்டும்.

பிறகு ஏன் யோசனை கேட்டால் இத்தனை பேர் 5600-ஐச் சொல்கிறார்கள்? அதை பி550 போர்டோடும் 6600 கார்டோடும் சேர்த்துச் சொல்கிறார்கள். அப்படிச் சேர்த்தால் நானும் அதைத்தான் எடுப்பேன். இன்னும் சில ஆயிரம் ரூபாய் இருந்தால் அந்தக் கூட்டணி ஐ3-ஐ ஓரங்கட்டிவிடும். விளக்கு விசிறிகளையும் கண்ணாடிப் பெட்டியையும் கழித்தாலே அந்தச் சில ஆயிரத்தில் பாதி வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். பையன் முகம் சுருங்கியது. 5600-க்கு 5500 என்று ஒரு தம்பியும் உண்டு. விலை குறைவு, ஆனால் கேஷ் பாதி, தரமும் 3.0-தான். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்றால் நம்ப வேண்டாம்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. 5600ஜி என்ற பிராசசரை வாங்கினால் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. கார்டு இல்லாமலேயே வாலரன்ட் ஓடும், கார்டை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். கையில் பாதிப் பணம் மட்டும் இருப்பவருக்கு இது நல்ல யோசனை. ஒரு நிபந்தனை: ரேம் ஒற்றை 16 ஜிபியாக இல்லாமல் இரண்டு 8 ஜிபியாக இருக்க வேண்டும். உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்கு ரேம்தான் சோறு. ஒற்றைக் குச்சி போட்டால் அரை வயிறுதான். பழைய அலுவலகக் கணினி ஒன்றை வாங்கி அதில் கார்டு செருகும் யோசனையை நான் கேட்டவுடனே தள்ளிவிட்டேன். இன்டெல் நான்காம் தலைமுறை மெஷின்களுக்கு விண்டோஸ் 11 முறைப்படி இல்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-இல் வாலரன்ட் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும். ஏஎம்டியின் புதிய வரிசையான ஏஎம்5 போர்டுகளுக்கு எதிர்காலம் உண்டு. ஆனால் டிடிஆர்5 மட்டுமே ஏற்கும், இன்றைய ரேம் விலையில் அது இந்தப் பணத்துக்கு எட்டாது.

எஸ்எம்பிஎஸ் பற்றி நான் கொஞ்சம் கடுமையான ஆள். பல வருடங்களுக்கு முன் கேபினட்டோடு இலவசமாக வந்த ஒன்று, மின்சாரம் போய்த் திரும்பிய ஒரு மாலையில் புகைந்தது. மதர்போர்டையும் உடன் கூட்டிக்கொண்டு போனது. 6600 கார்டுக்கு 132 வாட், இந்தப் பிராசசர்கள் எதுவானாலும் உச்சத்தில் 90-க்குள். ஆகவே நல்ல 450 வாட்டே தாராளம். பெட்டியில் 600 என்று அச்சடித்த மலிவுச் சரக்கைவிட 80 பிளஸ் புரோன்ஸ் (Bronze) என்ற மின்திறன் தர முத்திரையுள்ள 450 மேல். யூபிஎஸ் 600 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மானிட்டரையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

அவன் அறை மொட்டை மாடியில், மேலே ஷீட் கூரை. மே மாதத்தில் மனிதனே உட்கார முடியாது. காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று வேறு. கண்ணாடி முகப்பு மூச்சுவிடாது. முன்பக்கம் வலை போட்ட கேபினட்தான் அங்கே சரி, மாதம் ஒரு முறை தூசு தட்டினால் போதும். தகரப் பெட்டி என்று அவன் முகம் சுளித்த அந்தக் கேபினட்டின் முன்பக்கம் முழுக்க வலைதான் என்பது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகே தெரிந்தது.

சனிக்கிழமை போகிறோம். இரண்டாவது பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, 5600-க்கும் பி550-க்கும் விலை எவ்வளவு இறங்கும் என்று பேசிப் பார்ப்போம், இறங்காவிட்டால் ஐ3. 12100எஃப், 5600 இரண்டிலுமே உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. மானிட்டர் வயரை மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் செருகிவிட்டு "படமே வரவில்லை மாமா" என்று இரவு பதினொரு மணிக்கு எனக்கு போன் செய்யக்கூடாது, கார்டில்தான் செருக வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.