கடல் இறால் வளர்ச்சியைக் கணிப்பது: ஒரே வளைகோடா, ஓடு உரிக்கும் கணக்கா?

மீன் என்றால் காதுக்கல்லில் உள்ள வளையங்களை எண்ணி வயதைச் சொல்லிவிடலாம். இறால் ஓட்டை உரித்து உரித்தே வளர்வதால், அப்படி எண்ணிப் பார்க்க எளிதான தடம் எதுவும் மிஞ்சுவதில்லை. கடலில் தானாக வளரும் இறாலின் வேகத்தைப் பெரும்பாலும் நீளத்தை வைத்தே கணிக்கிறோம். இதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, வளைகோடு: உயிரியலாளர் லுட்விக் வான் பெர்டலான்ஃபி 1938-இல் வெளியிட்ட சமன்பாடு. சிறு வயதில் வேகமாகக் கூடும் நீளம், போகப்போக மெதுவாகி ஓர் உச்ச அளவை நெருங்கும். மூன்றே எண்கள் போதும். கடலில் எவ்வளவு இறால் இருக்கிறது என்று மதிப்பிடும் இருப்புக் கணிப்பிலும் நேராகப் பொருந்தும். மாதாமாதம் வலையில் விழுந்தவற்றை அளந்து, நீளப் பரவலின் முகடு, அதாவது அதிக இறால்கள் இருக்கும் நீளம், எப்படி நகர்கிறது என்று பார்த்தே இதைப் பொருத்திவிடலாம்.

ஆனால் கழிமுகத்தில் இந்த முகடு நம்மை நன்றாகவே ஏமாற்றும். வளர்ந்த இறால் கடலுக்குப் போய்விடும், புதுக் குஞ்சுகள் வந்துகொண்டே இருக்கும். சராசரி நீளம் அசையாமல் நிற்கும். இறால் வளரவே இல்லை என்று கணக்கு சொல்லும்! பல இனங்களில் பெண் இறால் ஆணைவிடப் பெரிதாகும் என்பதால், இரண்டையும் சேர்த்து அளந்தால் குழப்பம் இன்னும் கூடும்.

இன்னொன்று, படிப்படியான கணக்கு. ஓர் உரிப்புக்கும் அடுத்ததற்கும் எத்தனை நாள், ஒவ்வோர் உரிப்பிலும் எவ்வளவு நீளம் கூடுகிறது என்று தனித்தனியாகப் பார்ப்பது. தண்ணீர் சூடானால், தாங்கும் அளவுக்குள், இடைவெளி சுருங்கும். உடல் பெரிதானால் நீளும். இறால் உண்மையில் வளரும் விதம் இதுதான் என்பதால் எனக்கு இது மிகவும் பிடிக்கும். சிக்கல் என்னவென்றால், இந்த எண்கள் பெரும்பாலும் தொட்டியில் வளர்த்துப் பார்த்தவை. தொட்டியில் கிடைக்கும் தீனி கடலில் கிடைக்குமா?

சரி, எதை எடுப்பது? வெப்பநிலை மாறினால் என்ன ஆகும் என்பது கேள்வியானால், உரிப்புக் கணக்கு. பிடிப்புக் காலத்தை முடிவு செய்ய வேண்டுமானால், வளைகோடு. அதிலும் ஆய்வாளர் சோமர்ஸ் 1988-இல் தந்த, பருவத்துக்கேற்ப வேகம் ஏறி இறங்கும் வடிவம். ஓராண்டு, ஈராண்டு மட்டுமே வாழும் உயிருக்குக் குளிர்கால மந்தத்தை விட்டுவிட்டால் கணக்கு மோசமாகப் பிசகும்.

எதை எடுத்தாலும், குறியிட்டுக் கடலில் விட்டு மீண்டும் பிடித்த இறால்களோடு ஒப்பிடாமல் நான் நம்பமாட்டேன். வயிற்றுத் தசையில் கோத்த நாடா, ஓடு உரிந்தாலும் கழன்று விழாது. விட்டபோது இருந்த நீளம், பிடிபட்டபோது இருந்த நீளம், இடையில் போன நாட்கள். வயதே தெரிய வேண்டியதில்லை.