அலெசிஸ் சாம்பிள்பேட் ப்ரோ: டிரம் செட்டோடு சேர்த்து வாசித்தால் எப்படி?

கைத்தட்டல், ஷேக்கர், ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷினின் ஆழமான கிக் (பேஸ் டிரம் ஒலி), திரும்பத் திரும்ப ஓடும் நாலு பார் லூப். பாட்டுக்குத் தேவை இவ்வளவுதான் என்றால் அதற்காக முழு எலெக்ட்ரானிக் டிரம் செட் வாங்க வேண்டியதில்லை. இருக்கும் செட்டுக்குப் பக்கத்தில், ஸ்டிக்கால் அடித்தால் பதிவுசெய்த ஒலியை எழுப்பும் ஒரு பேட் கருவி போதும். விலை குறைந்த பேட்களில் சாம்பிள்பேட் ப்ரோ இந்த வேலைக்குப் பொருத்தமானது. ஆறு ரப்பர் பேட், அவற்றுக்கு மேலே சற்றே உயர்ந்து நிற்கும் இரண்டு ஒடுக்கமான பேட், ஆக எட்டு. நம் சொந்த ஒலிகளை எஸ்டி கார்டில் போட்டுச் செருகலாம். கிக் டிரிக்கர் (கிக் அடியை மின் சிக்னலாக மாற்றும் சென்சார்), டூயல் சோன் பேட் (தோலுக்கும் விளிம்புக்கும் தனித்தனி ஒலி தரும் வெளி பேட்), ஹை-ஹாட் பெடல் மூன்றுக்கும் தனித்தனி இன்புட் உண்டு.

இதைப் பற்றிய புகார்களில் அதிகம் காதில் விழுவது, "தொடாமலே சத்தம் போடுகிறது" என்பது. அது பெரும்பாலும் மாட்டிய விதத்தால் வரும் கோளாறு, சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதவை இரண்டு: மெல்லிய அடிகளை இது சரியாகப் பிடிப்பதில்லை, ஒரு கிட்டிலிருந்து (எட்டு பேட்டுக்கும் சேர்த்து அமைத்த ஒலித் தொகுப்பு) இன்னொன்றுக்குப் போக நேரம் எடுக்கிறது. இந்த இரண்டும் உங்கள் வாசிப்புக்குத் தடையில்லை என்றால் தாராளமாக வாங்கலாம்.

முதலில் மாட்டுவது. தனி ஸ்டாண்ட் கட்டாயம். கிராஷ் சிம்பல் நிற்கும் ஸ்டாண்டிலேயே கிளாம்ப் போட்டுத் தொங்கவிட்டால், கிராஷை அடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்வு குழாய் வழியாக இறங்கி பேட்டுக்குள் போய்விடும். ஒவ்வொரு பேட்டுக்கும் அடியில் இருப்பது அதிர்வை மின்சாரமாக மாற்றும் பீசோ தகடு. அதிர்வு ஸ்டிக்கிலிருந்து வந்ததா, ஸ்டாண்டிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. தரை வழியாக வரும் கிக் அதிர்வையும் மறந்துவிடக் கூடாது. மர மேடையில் வாசிக்கும்போது ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும் அடியில் தடித்த ரப்பர் மேட் துண்டு வைத்தாலே பாதி நிம்மதி. வலது கை டிரம்மருக்கு ஹை-ஹாட்டின் இடப்பக்கமோ, ஹை-ஹாட்டுக்கும் முதல் டாமுக்கும் நடுவிலோ வைப்பது வசதி. உயரம் ஸ்நேரைவிட ஒரு சாண் மேலே, உங்கள் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து. படுக்கை வசமாக வைத்தால் மேலே உள்ள ஒடுக்கமான பேட்களை அடிக்கக் கை நீட்ட வேண்டி வரும். அந்த இரண்டையும் ஸ்டிக்கின் நுனியால் அடிக்காமல், ரிம் அடிப்பதுபோல் ஸ்டிக்கின் உடம்பால் அடித்தால் சீராகப் பேசும்.

மாட்டிய பிறகு அளவுகளைச் சரிசெய்ய அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பேட்டின் ஒலியை முழுதாக ஏற்றிவிட்டு, பேட்டைத் தொடாமல் கிக்கையும் ஃப்ளோர் டாமையும் உங்கள் முழு பலத்தோடு வாசியுங்கள். எந்த பேட் தானாகப் பேசுகிறதோ அதன் த்ரெஷோல்டை, அதாவது அதைப் பேசவைக்கும் குறைந்தபட்ச அடி அளவை, ஒரு படி ஏற்றுங்கள். மறுபடி வாசியுங்கள். மௌனமாகும் வரை ஒவ்வொரு படியாக. எடுத்த எடுப்பில் பத்துப் படி ஏற்றினால் மெல்லிய அடியெல்லாம் காணாமல் போகும். இதே சோதனையை பேஸ் கிட்டாரும் மானிட்டரும் முழுச் சத்தத்தில் இருக்கும்போது இன்னொரு முறை செய்ய வேண்டும். பக்கத்திலிருக்கும் மானிட்டரின் தாழ்ந்த ஒலியே பேட்டை அசைத்துவிடும்.

அடுத்தது கிராஸ்டாக். ஒரு பேட்டை ஓங்கி அடித்தால் பக்கத்து பேட்டும் சேர்ந்து பேசும் கோளாறு இது. எட்டு பேட்டும் ஒரே பிளாஸ்டிக் கூட்டில் உட்கார்ந்திருப்பதால் வருவது. பலமான அடி ஒன்று விழுந்த உடனே வரும் பலவீனமான சிக்னலைப் புறக்கணி என்பதுதான் கிராஸ்டாக் அமைப்பு சொல்லும் கட்டளை. அதை அதிகம் ஏற்றினால் வேறு வினை: இரண்டு கையாலும் இரண்டு பேட்டை ஒன்றாக அடிக்கும்போது, மெதுவாக விழுந்த அடியை இயந்திரம் விழுங்கிவிடும். ஆகவே சேர்த்து அடிக்க வேண்டிய இரண்டு ஒலிகளை ஒட்டி வைக்காதீர்கள். மூலைக்கு மூலை வையுங்கள், கிராஸ்டாக் குறைவாகவே போதும்.

மெல்லிய அடிகளைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ரப்பரின் நடுவில் அடிப்பதும் ஓரத்தில் அடிப்பதும் ஒரே வலிமையில் பதிவாவதில்லை. ஸ்நேரில் முணுமுணுப்புபோல் மெல்ல வாசிக்கும் கோஸ்ட் நோட்டை இதில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அந்த வேலையை ஸ்நேரிடமே விட்டுவிடுங்கள். கைத்தட்டல், கௌபெல், எஃபெக்ட் மாதிரி எப்போதும் ஒரே பலத்தில் ஒலிக்க வேண்டியவற்றை மட்டும் பேட்டுக்குக் கொடுத்து, வெலாசிட்டி கர்வை (அடியின் வலிமைக்கு எவ்வளவு ஒலி என்பதை முடிவுசெய்யும் அமைப்பு) லேசான அடிக்கே பெரிய ஒலி தரும்படி வைத்தால் இந்தக் குறை மேடையில் தெரியவே தெரியாது.

இந்தப் பேட்டின் தரம் கார்டில் நீங்கள் என்ன போடுகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. கோப்புகள் வேவ் வடிவம், 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். பெயர் சின்னதாக, ஆங்கில எழுத்திலும் எண்ணிலும், இடைவெளி இல்லாமல். கோப்புறைக்குள் ஒளிக்காமல் கார்டின் முதல் மட்டத்திலேயே வைப்பது பாதுகாப்பு. எம்பி3-யிலிருந்து மாற்றிய ஒலி என்றால் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: எம்பி3 ஆக்கும்போதே கோப்பின் தொடக்கத்தில் சிறு மௌனம் ஒட்டிக்கொள்ளும். 20 மில்லி நொடி மௌனம் கேட்கும்போது தெரியாது, வாசிக்கும்போது தெரியும். கைத்தட்டல் எப்போதும் ஸ்நேருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே வரும். எடிட்டரில் அலையைப் பெரிதாக்கிப் பார்த்து, ஒலி எழும் இடத்துக்கு ஒட்டி வெட்டுங்கள்.

ஸ்டீரியோ தேவையா என்பதையும் யோசியுங்கள். ஸ்டீரியோ கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி, மோனோ அதில் பாதி. கோப்பு பெருத்தால் கிட் ஏறும் நேரமும் பெருக்கும். கைத்தட்டலுக்கும் கிக்குக்கும் மோனோ தாராளம். கிட் மாற்றும்போது சில நொடிகள் காத்திருக்க வேண்டியிருப்பதால், பாட்டுக்கு ஒரு கிட் என்று பிரிக்காதீர்கள். அடுத்தடுத்த மூன்று நான்கு பாட்டுக்கு வேண்டிய எட்டு ஒலியையும் ஒரே கிட்டில் அடுக்குங்கள். மாற்றியதைச் சேமிக்காமல் வேறு கிட்டுக்குப் போனால் செய்த வேலை வீண். எல்லா ஒலியையும் கணினியில் ஒரே உச்ச அளவுக்குக் கொண்டுவந்தாலும் காதுக்கு அவை சமமாக இருக்காது. அதே அளவில் ஷேக்கர் கீழே அமுங்கும், கைத்தட்டல் காதைக் குத்தும். செட்டோடு சேர்த்து வாசித்துக்கொண்டே ஒவ்வொன்றின் வால்யூமையும் காதால் அமைப்பதுதான் வழி.

லூப் விஷயத்தில் கணக்குப் பிசகக் கூடாது. கோப்பு எந்த வேகத்தில் பதிவானதோ அதே வேகத்தில்தான் ஓடும், உங்களுக்காகக் காத்திராது. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில், பாருக்கு நாலு தட்டாக நாலு பார் என்பது 16 தட்டு, சரியாக 8 நொடி. நீங்கள் 121-இல் வாசித்தால் உங்களுடைய நாலு பார் 7.934 நொடியில் முடிந்துவிடும். முதல் சுற்றிலேயே 66 மில்லி நொடி விலகல், மூன்றாம் சுற்றில் கூட்டத்துக்கே தெரியும். எனவே காதில் கிளிக் (மெட்ரோனோம் தட்டு) இல்லாமல் லூப் வேண்டாம். வெட்டும்போதும் 8 நொடி என்றால் 8 நொடி. ரிவெர்ப் வால் நீள்கிறதே என்று கொஞ்சம் கூட்டி வெட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் நொண்டும். லூப்புக்கு ஓரத்து பேட்டைக் கொடுங்கள். நடுவில் வைத்தால் தவறிப்போய் ஸ்டிக் பட்டு, பாட்டின் நடுவே ஓட ஆரம்பித்துவிடும்.

கிக் இன்புட் இதன் பெரிய பலம். பேஸ் டிரம்மின் அடிக்கும் பக்கத் தோலில் விளிம்போரமாக ஒரு டிரிக்கரைப் பொருத்தினால், உண்மையான கிக்கின் கீழே 808 ஒலியைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு மிதிக்கு இரண்டு ஒலி வந்தால் முதலில் டிரம்முக்குள் இருக்கும் தலையணையைத் தோலோடு நன்றாக ஒட்டி வையுங்கள். தோல் அதிகம் ஆடுவதும், பீட்டரைத் தோலிலேயே அழுத்தி வைத்து நடுங்கவிடுவதும்தான் வழக்கமான காரணங்கள். பிறகும் நிற்கவில்லை என்றால் ஒரே அடி இரண்டு முறை பதிவாவதைத் தடுக்கும் ரீடிரிக்கர் அமைப்பைத் தொடலாம். டூயல் சோன் பேட் இணைப்பவர்கள் ஸ்டீரியோ கேபிள்தான் வாங்க வேண்டும். மோனோ கேபிள் போட்டால் தோல் பேசும், ரிம் பேசாது. ஹை-ஹாட் இன்புட்டுக்கு, உண்மையான ஹை-ஹாட் வைத்திருப்பவருக்கு வேலையே இல்லை.

உள்ளேயே வரும் இருநூறு சொச்சம் ஒலிகள் பழகுவதற்குப் போதும், மேடைக்கு நம் ஒலிகள்தான்.

வெளியே எடுக்கும் இணைப்பு சாதாரண கால் அங்குல ஜாக். மிக்ஸர் ஐந்தாறு மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால் டிஐ பாக்ஸ் (நீளமான கேபிளில் இரைச்சல் ஏறாதபடி சிக்னலை மாற்றித் தரும் சிறு பெட்டி) போடாமல் இழுக்காதீர்கள், இரைச்சல் ஏறும். 'ங்ங்' என்ற ஹம் கேட்டால் டிஐயில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானைத் தள்ளிப் பாருங்கள். சவுண்ட் செக் முடிந்ததும் வால்யூம் குமிழின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவது நல்லது. அடாப்டர் வயரை ஸ்டாண்டில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டியபின் செருகுங்கள். கால் தட்டி வயர் இழுபட்டாலும் பிளக் பிடுங்கிக்கொள்ளாது.

பாட்டுக்குப் பாட்டு வேறு வேறு ஒலி, இடைவெளியே இல்லாத நிகழ்ச்சி என்று வாசிப்பவர்களுக்கு இந்தப் பேட் சரிவராது. அவர்கள் பணம் சேர்த்து ரோலண்ட் எஸ்பிடி-எஸ்எக்ஸ் பக்கம் போவதே மேல். அதில் ஒன்பது பேட், ஒலிகள் கார்டில் அல்ல, உள் நினைவகத்திலேயே இருப்பதால் கிட் மாற்றக் காத்திருக்க வேண்டாம். பாட்டுக்கு நாலைந்து ஒலி மட்டும் தேவைப்படும் டிரம்மர் அந்தக் கூடுதல் பணத்தை நல்ல கிக் டிரிக்கரிலும் உறுதியான ஸ்டாண்டிலும் போடலாம்.