செல்ஃப் எடுக்க லித்தியமா, லெட் ஆசிடா? நாள்பட்ட பயன்பாட்டில் தெரிவது

பட்டனை அழுத்தியதும் வித்தியாசம் காதிலேயே கேட்கும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது லெட் ஆசிட் பேட்டரி 10 வோல்ட் பக்கம் இறங்கிவிடும். நல்ல லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பெரும்பாலும் 11-க்கு மேலேயே நிற்கும். மோட்டார் வேகமாகச் சுற்ற, இன்ஜின் சட்டென்று பிடித்துக்கொள்ளும். பைக்கில் 4 கிலோ உட்கார்ந்திருந்த இடத்தில் 1 கிலோ சொச்சம்தான். டெர்மினலில் வெள்ளைப் பூ பூக்காது, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் வேலையும் இல்லை.

ஆனால் பழைய மீட்டர் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். வண்டி சில மணி நேரம் நின்றபின் 12.7 வோல்ட் காட்டினால் லெட் ஆசிட் நிறைந்திருக்கிறது. அதே 12.7, லித்தியத்தில் கிட்டத்தட்ட காலி, நிறைந்திருந்தால் 13.3 இருக்க வேண்டும். லெட் ஆசிட் சாகுமுன் சில நாள் இழுத்து இழுத்துச் சுற்றி எச்சரிக்கும். லித்தியம் நேற்று வரை சுறுசுறுப்பாக எடுத்துவிட்டு, இன்று ரிலேயின் 'டிக்'கோடு நின்றுவிடும்.

லேபிளில் 'லெட் ஆசிட் 12 ஆம்பியர் அவருக்கு இணை' என்றிருக்கும். அந்த இணை ஸ்டார்ட் செய்யும் திறனுக்கு மட்டும்; உண்மைக் கொள்ளளவு 4 தான் இருக்கலாம். அலாரமும் டிராக்கரும் சேர்ந்து 20 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளொன்றுக்கு 0.48 ஆம்பியர் அவர் போகும். 12 உள்ளது 25 நாள் தாங்கும், 4 உள்ளது எட்டே நாளில் காலி. அடியோடு காலியான லித்தியம் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. உப்பியிருந்தால் சார்ஜில் போடவே கூடாது.

மாற்றுமுன் சார்ஜிங் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைச் சோதிப்பது கட்டாயம். இன்ஜினை 4,000–5,000 ஆர்பிஎம்மில் வைத்து டெர்மினலில் அளந்தால் 13.8 முதல் 14.6-க்குள் நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் லெட் ஆசிட் தண்ணீரை இழந்து சில காலம் சமாளிக்கும். லித்தியத்தில் செல் கெடும். பேட்டரியின் பாதுகாப்புச் சர்க்யூட் ஓட்டத்திலேயே துண்டித்தால், அப்போது எழும் வோல்ட் இன்ஜினின் கணினியான இசியூ வரை போகும். சல்பேஷன் (லெட் ஆசிட் தகடுகளில் படியும் சல்பேட்) நீக்க வோல்ட்டை ஏற்றும் மோட் உள்ள சார்ஜரும் இதே காரணத்தால் ஆகாது.

0 டிகிரிக்குக் கீழே லித்தியத்தில் முதல் அழுத்தம் சோர்வாகவே வரும். ஹெட்லைட்டை ஓரிரு நிமிடம் எரியவிட்டால் செல் சற்றுச் சூடாகி, இரண்டாவது மூன்றாவது முயற்சியில் எடுத்துவிடும். அந்தக் குளிரில் சார்ஜர் மாட்டினால் செல்லின் எதிர்முனையான ஆனோடில் லித்தியம் உலோகமாகப் படிந்து, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும்.

அடிக்கடி ஓடும், சார்ஜிங் சரியாக உள்ள பைக்குக்குத் தயங்காமல் லித்தியம் போடலாம். பானட் சூட்டில் வெந்து, நின்றபோதும் மின்சாரம் குடிக்கும் காருக்கு ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்த லெட் ஆசிட் வகை) தான் பொருத்தம்.

எதை மாட்டினாலும், செல்ஃப் எடுக்காவிட்டால் உடனே பேட்டரியைப் பழிக்க வேண்டாம். லித்தியத்தில் டெர்மினல் சிறியது, நட்டு லேசாகத் தளர்ந்தாலே போதும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி டெர்மினலிலும் மறுமுனையைக் கேபிள் நுனியில் உள்ள உலோக லக்கிலும் வைத்துச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு அந்த இணைப்பில்தான்.